கூரை நீக்கிய பிக்கப்: எஸ்-10 ரோட்ஸ்டரில் தோன்றும் கோளாறுகளும் அவற்றின் வேரும்

அமெரிக்காவில் 1982 முதல் 1993 வரையிலான மாடல் ஆண்டுகளில் வெளிவந்த முதல் தலைமுறை செவ்ரோலே எஸ்-10 பிக்கப், சொந்தக் கொட்டகையில் திறந்த ரோட்ஸ்டர் கட்ட விரும்புவோர் தேடிப் பிடிக்கும் வண்டிகளில் ஒன்று. ஏணி வடிவச் சேசிஸ், முன்னால் காயில் ஸ்பிரிங்குடன் கூடிய தனித்தனி சஸ்பென்ஷன், முன்சக்கர டிஸ்க் பிரேக், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் அமர்ந்த ஆக்சில், குறுகிய சரக்குத் தொட்டி வகையில் 108.3 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) என எல்லாம் கைக்கு அடக்கமான அளவில் இருக்கின்றன. கூரையை அறுத்து, சரக்குத் தொட்டியைக் கழற்றி அந்த இடத்தில் தாழ்ந்த வால்பகுதியை அமைத்து, இரண்டு இருக்கைகளோடு ஓட்டிப் பார்க்கும் நாளில்தான் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இந்த வழிமுறை அந்த நாளுக்கானது. இருசக்கர இயக்க வகையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

புதிதாகப் பொருத்திய பாகத்தின் மீது பழி போடுவது எல்லோருக்கும் இயல்பாக வருவது. இத்தகைய வண்டியில் அந்த வழி பெரும்பாலும் தவறான இடத்திற்கே கொண்டுசெல்லும். ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் கேட்கவேண்டியது, அந்த இடத்தில் முன்பு இருந்து இப்போது இல்லாமற்போனது எது என்பதே. கூரை போனபோது விறைப்பும் போயிற்று. தொட்டி போனபோது பின்சக்கரங்களின் மீதிருந்த எடையும் போயிற்று. பம்பரும் அதன் அடித்தகடும் போனபோது ரேடியேட்டருக்குக் காற்றை ஒதுக்கித் தந்த வழியும் போயிற்று. கீழே வரும் ஒவ்வொரு பகுதியும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

கதவு சரியாக மூடவில்லை, அல்லது மேடு பள்ளத்தில் தானாகத் திறந்துகொள்கிறது

பூட்டையோ கீலையோ தொடவேண்டாம். கூரை இருந்தவரை கேபின் ஒரு மூடிய பெட்டி; அது போனபின் பக்கச்சுவர் குறைந்த ஒரு தட்டு. முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது, அதே மூங்கிலை நீளவாக்கில் பிளந்துவிட்டால் பிளாச்சு எளிதாக முறுகும். மூடிய குறுக்குவெட்டுக்கும் திறந்த குறுக்குவெட்டுக்கும் முறுக்கத்தைத் தாங்குவதில் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது. பிக்கப்புக்குத் தனிச் சேசிஸ் இருப்பதால், தனிச் சேசிஸ் இன்றி உடலே சுமையைத் தாங்கும் மோனோகாக் காரின் கூரையை அறுத்ததுபோல் வண்டி இரண்டாக மடிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சேசிஸ் ஓரளவு முறுகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் மீது ரப்பர் புஷ்களில் மிதந்த பெட்டிதான் கதவுகளின் வடிவத்தைக் காப்பாற்றிவந்தது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவின் பின் விளிம்புக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் தரைத்தகடு நடுவில் தொய்ந்து, இரு தூண்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் கேபினின் முன் முனையோ பின் முனையோ தாழ்ந்திருக்கிறது. அப்போது ரப்பர் புஷ்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும், ஏனெனில் முப்பது ஆண்டு பழைய வண்டியில் அவை நசுங்கியிருப்பதும், அவற்றைத் தாங்கும் தகடு துருவில் கரைந்திருப்பதும் வழக்கம். மேலும் கீழும் சமமாக இருந்தும் ஓடும்போது மட்டும் கதவு திறந்தால் அது முறுக்கம். இதை உறுதிசெய்ய, சேசிஸின் முன் இடது மூலையில் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்கி அதே மூன்று இடங்களை மறுபடி அளக்கவேண்டும். பிறகு வலது மூலையில் அதையே செய்யவேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றம் இருந்தால், பூட்டை எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை என்பதே என் அளவுகோல்.

திருத்தும் வரிசை முக்கியமானது, ஏனெனில் வெல்டிங் எந்த வடிவத்தில் வைக்கப்படுகிறதோ அந்த வடிவத்தையே பூட்டிவிடும். தொய்ந்த நிலையில் வலுவூட்டினால் தொய்வு நிரந்தரமாகும். முதலில் நசுங்கிய புஷ்களை மாற்றவேண்டும். அடுத்து, கேபின் தரையின் நடுவில் அகலமான பலகை வைத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக ஏற்றி, கதவு இடைவெளி மேலும் கீழும் சமமாகும் வரை கொண்டுவரவேண்டும். அந்த நிலையில் கதவுத் திறப்பின் குறுக்கே தற்காலிகக் குழாய்களைப் பற்றவைத்து நிறுத்தியபின்தான் நிரந்தர வேலை தொடங்கவேண்டும். உண்மையில் இந்தக் குழாய்கள் கூரையை அறுப்பதற்கு முன்பே இருந்திருக்கவேண்டும். அறுப்பதற்கு முன் கதவுத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து வைத்தவருக்கு இப்போது வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

நிரந்தர வலுவூட்டல் மூன்று இடங்களில் தேவை. கதவுக்குக் கீழே ஓடும் வாசற்படிப் பகுதியின் உட்புறம், முன் தூணின் அடியிலிருந்து பின் தூணின் அடிவரை, மூன்று மில்லிமீட்டர் சுவர்க்கனமுள்ள 2-க்கு 3 அங்குலச் செவ்வகக் குழாயை நிறுத்தவேண்டும். அதன் 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கவேண்டும். இரண்டாவது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இரு முன் தூண்களையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய். மூன்றாவது, இருக்கைகளுக்குப் பின்னால் தரையோடும் தூண்களோடும் பிணைந்த ஒரு குறுக்குச் சுவரும் அதன் மேல் ஒரு வளைவும். 1989-இல் டாட்ஜ் நிறுவனம் டக்கோட்டா பிக்கப்பின் கூரையை நீக்கித் துணிக்கூரையோடு விற்றபோது, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு ரோல் பாரையும் (கவிழும்போது காக்கும் வளைவுக் குழாய்) சேர்த்தே விற்றது என்பதை இங்கே நினைவுகூரலாம். கவிழும்போது தலையைக் காக்கவேண்டிய வளைவு தரைத்தகட்டில் நிற்கக்கூடாது, சேசிஸ் வரை அதன் கால்கள் இறங்கவேண்டும்.

பழைய ஃபோர்டு மாடல் ஏ வகையில் 1928 முதல் திறந்த கேபின் பிக்கப் தொழிற்சாலையிலேயே செய்து விற்கப்பட்டதே, அதற்கு ஏன் இவ்வளவு குழாய்கள் தேவைப்படவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உடல் தொடக்கத்திலிருந்தே கூரையின் உதவியை எதிர்பார்க்காமல் வடிவமைக்கப்பட்டது. எஸ்-10-இன் மெல்லிய தகட்டு கேபின் கூரையை நம்பிப் பிறந்தது. அதன் கடனை நாம்தான் தீர்க்கவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜாக்கிச் சோதனையில் மாற்றம் தெரிந்தால், சேசிஸின் திறந்த ‘ப’ வடிவப் பகுதிகளைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவது அடுத்த படி. ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சூடு சேசிஸை வளைத்துவிடும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கத்தில் என இடைவெளி விட்டு, தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு முன்னேறவேண்டும். வெல்டிங் வேலைக்கு முன் பெட்ரோல் டேங்க் வண்டியை விட்டு வெளியே போகவேண்டும், பேட்டரியின் இரு முனைகளும் கழற்றப்படவேண்டும், எஞ்சின் கணினியின் இணைப்பு பிடுங்கப்படவேண்டும். இம்மூன்றில் ஒன்றையும் நேரமின்மை காட்டி விட்டுவிடக்கூடாது.

முன் கண்ணாடியின் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது

கல் பட்ட தடம் இல்லாமல் கீழ் மூலையிலோ மேல் மூலையிலோ தொடங்கும் விரிசல், முன் சொன்ன முறுக்கத்தின் மற்றொரு முகம். இந்த வண்டியின் கண்ணாடி பசையால் சட்டத்தோடு ஒட்டப்பட்டது. மேற்சட்டம் கூரையோடு போய்விட்டதால், தூண்கள் ஆடும்போதெல்லாம் கண்ணாடியே அந்தச் சுமையை ஏற்கிறது. புதுக் கண்ணாடி வாங்கி ஒட்டினால் அதுவும் உடையும். கதவுப் பகுதியின் திருத்தங்களை முடித்தபின், தட்டையான லேமினேட் கண்ணாடியை ரப்பர் பட்டையில் மிதக்கவிடும் தனிச் சட்டத்திற்கு மாறுவது நல்லது. அமெரிக்கச் சாலையில் ஓடும் வண்டியின் முன் கண்ணாடியில், முன் கண்ணாடிக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி என்பதைக் காட்டும் ஏஎஸ்-1 குறி இருக்கவேண்டும் என்பதையும் வாங்கும்போது பார்த்துக்கொள்ளவேண்டும்.

பின்பக்கம் துள்ளுகிறது, சிறு பள்ளத்திலும் முதுகில் அடிக்கிறது

லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் சரக்கைச் சுமக்க அடுக்கப்பட்டவை. சரக்கும் இல்லை, அதைத் தாங்கிய தொட்டியும் இல்லை என்றால் அவை அசையவே மறுக்கும். அடுக்கின் அடியில் மற்றவற்றைவிடத் தடித்து, தட்டையாக இருக்கும் சுமைப் பட்டையை முதலில் நீக்கிப் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் இதுவே போதுமானது. முனைகளில் கண்ணுள்ள முதன்மைப் பட்டையை அறுப்பதோ சூடாக்கித் தளர்த்துவதோ கூடாது, ஏனெனில் ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் பட்டைதான். அடுக்கைப் பிரித்தால், அதை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடவேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. ஷாக் அப்சார்பர்களும் சுமையேற்றிய பிக்கப்புக்கு உரியவையாக இருந்தால், எடை குறைந்த வண்டிக்கு ஏற்ற மென்மையானவற்றுக்கு மாறவேண்டும்.

பட்டை குறைந்தபின் வண்டி தாழும். ஆக்சில் மேலெழும்போது சேசிஸில் மோதாதபடி இடம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் கணிக்காமல், ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஆக்சிலை ஜாக்கியால் முழுமையாக ஏற்றி அளந்து பார்க்கவேண்டும்.

நேர்சாலையில் வண்டி அலைகிறது, ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்புவதில்லை

இது பலரை ஏமாற்றும் அறிகுறி. ஸ்டியரிங் பெட்டியை மாற்றுவார்கள், சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளை மாற்றுவார்கள், அலைச்சல் மட்டும் மாறாது. தொட்டியைக் கழற்றியதும் பின் ஸ்பிரிங்குகள் மேலெழுகின்றன. வண்டி மூக்கைக் குத்தி நிற்கிறது. முன்சக்கரத்தின் திரும்பும் அச்சு மிதிவண்டியின் ஃபோர்க் போலப் பின்சாய்ந்து இருப்பதால்தான் சக்கரம் நேராக ஓட விரும்புகிறது. கேஸ்டர் கோணம் எனப்படுவது இந்தச் சாய்வே. 108.3 அங்குல வீல்பேஸில் பின்பக்கம் 2 அங்குலம் உயர்ந்தால் முழுச் சேசிஸும் ஏறத்தாழ 1 பாகை முன்னோக்கிச் சாய்கிறது, கேஸ்டரில் அந்த 1 பாகை அப்படியே குறைகிறது. முன்பக்கத்தையும் தாழ்த்தியிருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஆகவே வீல் அலைன்மென்ட் கடைக்குப் போவதற்கு முன் வண்டியின் உயரத்தை இறுதி செய்யவேண்டும்: பெட்ரோல் நிரப்பி, இருக்கைகளில் இருவர் எடையை வைத்து, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து சேசிஸ் வரையிலான உயரத்தை அளந்து, பின்பக்கத்தைத் தேவையான அளவுக்கு இறக்கியபின்தான் கோணங்களைத் தொடவேண்டும். முன்பக்கத்தைத் தாழ்த்த காயில் ஸ்பிரிங்கை அறுக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அறுத்தால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறி, சக்கரம் மேடேறும்போது தானாகத் திரும்பத் தொடங்கும். தாழ்வு ஸ்பிண்டில் எனப்படும், சக்கர அச்சை மேலே நகர்த்தி வார்த்த பாகம், அந்தக் கோணங்களைக் கெடுக்காமல் உயரத்தை மட்டும் குறைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் கையில் ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் உயிர் அதில் தொங்குகிறது.

மேட்டில் ஏறும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்து, அது உள்ளே வெளியே திரும்புகிறதா என்று அளந்து உறுதிசெய்யலாம்.

பிரேக் அழுத்தினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் விலகுகிறது

முதலில் எளிய காரணத்தை ஒதுக்கவேண்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பூட்டினால் அந்தப் பக்க டிரம்மைத் திறந்து பார்க்கவேண்டும். ஆக்சில் சீல் கசிந்து ஷூவில் எண்ணெய் படிந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாகப் பூட்டினால் அது எடைக் கணக்கு: சரக்கு ஏற்றிய பின்பக்கத்துக்கு எனத் தொழிற்சாலை வகுத்த அழுத்தம், வெறுமையான பின்பக்கத்துக்கு மிகையாகிறது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் குழாயில், திருகி மாற்றக்கூடிய அழுத்தப் பங்கீட்டு வால்வு ஒன்றைச் சேர்த்து, ஆளில்லாத விரிந்த இடத்தில், மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து பலமுறை நிறுத்திப் பார்த்து, முன்சக்கரங்களே முதலில் பூட்டும் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். ஈரத்தரையிலும் அதே சோதனை தேவை. முன்சக்கர அழுத்தத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கக்கூடாது. வால் விலகிய வண்டியைச் சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது என்பதால், இது சரியாகும் வரை பொதுச்சாலைக்கு வண்டி போகக்கூடாது.

குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு

அதிர்வு வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடவேண்டும். அதிர்வு நின்றால் எஞ்சின் பக்கம் அல்லது சுமையில் இயங்கும் ஜாயின்ட்டைப் பார்க்கவேண்டும். தொடர்ந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அல்லது டயர். வண்டியைத் தாழ்த்தியதும், பின் ஆக்சிலின் நடுவிலுள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்குக் கோணம் மாறியிருக்கும். கியர்பாக்ஸின் வெளிவரும் அச்சும் டிஃபரன்ஷியலின் உள்நுழையும் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கோணங்களும் 1 பாகை வேறுபாட்டுக்குள் ஒத்திருக்கவேண்டும், ஒவ்வொன்றும் 3 பாகையைத் தாண்டாமல் இருப்பது நலம். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம்.

சேசிஸை அறுத்து வீல்பேஸைக் குறைத்தவர்களின் ஷாஃப்ட்டும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அப்படியானால் அதன் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்றும், ஒட்டியபின் பேலன்ஸ் செய்யப்பட்டதா என்றும் பார்க்கவேண்டும். 108.3 அங்குலமே ரோட்ஸ்டருக்கு அழகான அளவு. இந்த அறுவையைத் தவிர்க்க முடிந்தவர் தவிர்ப்பதே மேல்.

எஞ்சின் சூடாகிறது

எப்போது சூடாகிறது என்பதே விடை. சிக்னலில் நிற்கும்போது சூடானால் விசிறியும் அதைச் சுற்றிய கூடும் காரணம். அழகுக்காகப் பானெட்டைத் தாழ்த்தியபோது அந்தப் பிளாஸ்டிக் கூட்டைத் தூக்கி எறிந்தவர்கள் அதைத் தேடி எடுத்து மாட்டவேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சூடானால், முன் பம்பரின் கீழிருந்த காற்றுத் தடுப்புத் தகடும் ரேடியேட்டரின் பக்கத் தகடுகளும் இல்லாமற்போனதுதான் பெரும்பாலும் காரணம். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். அவை இல்லாதபோது ரேடியேட்டரின் ஊடே புகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கீழ் ரப்பர் குழாய் எஞ்சின் வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

வளைவில் எஞ்சின் தடுமாறி அணைகிறது. பெட்ரோல் முள் பொய் சொல்கிறது

பழைய டேங்க் சரக்குத் தொட்டியின் அடியில் இருந்தது. அதை விட்டுவிட்டு, வாலுக்குள் பட்டையான புது டேங்க் வைத்தவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே வரும். உட்தடுப்பு இல்லாத பட்டை டேங்கில், திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் உள்ள 2.8, 4.3 லிட்டர் வி6 எஞ்சின்களில் இது உடனே தெரியும், கார்புரேட்டரில் இருப்பதுபோல் இடைக்கிண்ணம் எதுவும் இவற்றில் இல்லை. தடுப்புச் சுவரும் பம்ப்பைச் சுற்றிய சிறு கிண்ணமும் உள்ள டேங்க்தான் தீர்வு. முள்ளைப் பொறுத்தவரை, எஸ்-10-இன் மீட்டர் வெறுமைக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம் எதிர்பார்க்கிறது. கடையில் பொதுவாகக் கிடைக்கும் 240-லிருந்து 33 ஓம் வரை இறங்கும் சென்டரை (டேங்கில் பெட்ரோல் அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் பாகம்) போட்டால் முள் தலைகீழாக நடக்கும். சென்டரை மாற்றவேண்டும், மீட்டரில் கோளாறு இல்லை.

முகப்பு விளக்கைப் போட்டால் வெப்ப முள் ஏறுகிறது, இண்டிகேட்டருக்கு முள்கள் ஆடுகின்றன

எர்த் இல்லை. தொட்டியும் தகடுகளும் வழியாக ஓடித் திரும்பிய மின்னோட்டத்துக்கு இப்போது பாதை கிடையாது. வால்பகுதி ஃபைபர் கிளாஸ் என்றால் சொல்லவே வேண்டாம். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் சேசிஸ், கேபின், எஞ்சின் மூன்றையும் பின்னல் பட்டைகளால் பேட்டரியோடு இணைத்து, வால் விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் இழுக்கவேண்டும்.

ஓடும்போது தலைவலி, கண் எரிச்சல், புகை நாற்றம்

திறந்த வண்டியில் புகை எங்கே தங்கும் என்று அலட்சியமாக இருப்பவர்கள் அதிகம். ஓடும் வண்டியின் பின்னாலும் முன் கண்ணாடிக்குப் பின்னாலும் காற்றழுத்தம் குறைகிறது. பின்னால் விட்ட புகை அந்தப் பள்ளத்தை நோக்கி முன்னேறி இருக்கைகளுக்குள் திரும்புகிறது. முன்பு கேபினின் பின்சுவரும் கண்ணாடியும் அதைத் தடுத்தன, நீளமான தொட்டி சைலன்சரின் வாயைத் தொலைவில் வைத்திருந்தது. வாலைக் குறுக்கியவர்கள் சைலன்சர் குழாயைச் சக்கரத்துக்கு அருகிலேயே முடித்துவிடுகிறார்கள். குழாயை உடலின் கடைசி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டவேண்டும். எஞ்சின் அறைச் சுவரில் வயர் நுழையும் ஓட்டைகளையும் கியர் லீவரைச் சுற்றிய ரப்பரையும் அடைக்கவேண்டும். எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கரி படிந்த கோடு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

காற்று எப்படித் திரும்புகிறது என்பதைக் காண, இருக்கையின் பின்சுவரிலும் வாலின் மேற்பரப்பிலும் சிறு நூல் துண்டுகளை ஒட்டி, மற்றொருவரை ஓட்டச் சொல்லி, பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுத்துப் பார்க்கலாம். நூல்கள் முன்னோக்கிப் படுத்தால் புகை அந்த வழியாகவே வருகிறது. முன் கண்ணாடியின் உயரத்தையோ இருக்கைகளுக்குப் பின்னுள்ள சுவரின் உயரத்தையோ மாற்றி மறுபடி சோதிக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாற்றம் குறைந்துவிட்டது என்பதற்காக நின்றுவிடாமல், இருக்கையருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அளவியை வைத்து, நெடுஞ்சாலை வேகத்தில் அரை மணிநேரம் ஓட்டி, அது சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் குழந்தைகளை அதில் ஏற்றவேண்டும்.